நாடு முழுக்க ரோபோட்டிக்ஸ் கற்பித்தலை ஒருங்கிணைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டில் ஐம்பது பல்கலைக்கழகங்களில் ரோபோட்டிக்ஸ் பாடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் செமஸ்டர் முழுக்கக் கரும்பலகையில் அணிகளைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். மாணவர் ஒரு மோட்டாரைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். இன்னொன்றில் கோடு பார்த்து ஓடும் வண்டி ஒன்று ஓடிவிட்டால் பாடம் முடிந்தது. மூன்றாவதில் விலை உயர்ந்த ரோபோ கை ஒன்று உறை போர்த்தி நிற்கும்; திறப்பு விழா அன்று அசைந்ததோடு சரி. மூன்று இடத்திலும் மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் என்னவோ ஒன்றுதான்.

இதை ஒழுங்குபடுத்தச் சொல்லி ஒரு நாள் ஒருவர் மேசைக்குக் கோப்பு வரும். அவர் பேராசிரியராக இருக்கலாம், நிதிக்குழுவில் இருக்கும் அதிகாரியாக இருக்கலாம். அவருக்காகத்தான் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது, இறுக்க வேண்டாத இடத்தில் இறுக்குவதால். ஒரே பாடப்புத்தகம், ஒரே ரோபோ, ஒரே வினாத்தாள் என்று கட்டாயப்படுத்துவார்கள். மென்பொருள் எந்தப் பதிப்பு, பழுதானால் யார் பார்ப்பது, மாணவரின் வேலையை எப்படி அளப்பது என்பதையெல்லாம் அவரவர் பாட்டுக்கு விட்டுவிடுவார்கள். கீழே வரும் படிகள் அதைத் திருப்பிப் போடுகின்றன.

படி 1: அலமாரியைத் திறந்து பாருங்கள்

முதல் வேலை கணக்கெடுப்பு. ஆனால் படிவம் அனுப்பி எடுக்கும் கணக்கெடுப்பு வேண்டாம். "உங்களிடம் எத்தனை ரோபோக்கள் உள்ளன?" என்று கேட்டால், சொத்துப் பதிவேட்டில் இருக்கும் எண் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேட்க வேண்டிய கேள்வி: "போன வாரம் எத்தனை ஓடின?"

அதையும் துறைத்தலைவரிடம் கேட்காதீர்கள், லேப் டெக்னீஷியனிடம் கேளுங்கள். அலமாரிச் சாவி அவரிடம்தான் இருக்கும். நான் போய்ப் பார்த்த ஒரு ஆய்வகத்தில் பதிவேட்டில் 12 நகரும் ரோபோக்கள் இருந்தன. அலமாரியில் 12-ம் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. நான்கின் லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பித் தலையணை மாதிரி ஆகியிருந்தது. மூன்றுக்குச் சார்ஜர் இல்லை. இரண்டின் சக்கர மோட்டாரைக் கழற்றி யாரோ இறுதியாண்டு புராஜெக்டுக்குப் போட்டிருந்தார்கள். மிச்சம் மூன்று ஓடும் நிலையில்தான் இருந்தன. ஆனால் அவற்றின் கணினியில் கடவுச்சொல் போட்ட மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பேட்டரி உப்பியதற்குக் காரணம் சாதாரணமானது: விடுமுறை. லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும்; 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். மாதக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, ரோபோவிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. அது யார் வேலை என்று எந்தத் தாளிலும் எழுதப்படாததால் யாரும் செய்யவில்லை. நாடு தழுவிய ஒருங்கிணைப்பு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதில் பாதி இந்த மாதிரி வேலைகளுக்குப் பெயர் போட்டு ஆள் போடுவதுதான்.

ஒவ்வொரு வளாகத்திலும் இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தை எந்தத் துறை நடத்துகிறது, ஒரு ரோபோவுக்கு எத்தனை மாணவர்கள், ஆய்வகம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, வைஃபை யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடைசிக் கேள்வி இப்போது வேடிக்கையாகத் தெரியலாம். படி 4-ல் அதற்கு வருகிறேன்.

படி 2: நடுவில் யார் இருப்பது?

மூன்று முதல் ஐந்து முழுநேர ஆட்கள் கொண்ட ஒரு சிறிய மையம் போதும். முழுநேரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பேராசிரியர்கள் தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் நடத்தும் ஒருங்கிணைப்பு முதல் செமஸ்டரில் விறுவிறுப்பாக ஓடும், இரண்டாவது செமஸ்டரில் மூச்சு வாங்கும், மூன்றாவதில் வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிடும். இவர்களில் ஒருவர் மென்பொருள் பராமரிப்பாளர், ஒருவர் வன்பொருள் பழுதுக்குப் பொறுப்பானவர். இவர்கள் இருவரும் கட்டாயம். மற்றவர்கள் பிறகு வரலாம்.

மையத்துக்கும் வளாகங்களுக்கும் நடுவே வட்டார முனையங்கள் வேண்டும். ஜப்பானின் கோசென் தொழில்நுட்பக் கல்லூரிகளைப் பாருங்கள். நாடு முழுக்கப் பரவியிருக்கும் 51 தேசியக் கல்லூரிகள் 2004 முதல் ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. அவற்றின் புகழ்பெற்ற ரோபோ போட்டி 1988 முதல் நடக்கிறது: முதலில் வட்டார அளவில், பிறகு தேசிய அளவில். பக்கத்துக் கல்லூரியில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கு மாணவர்கள் தலைநகர் வரை போக வேண்டியதில்லை. பழுது பார்ப்பதற்கும் பயிற்சிக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். ஒரு முனையத்துக்கு எட்டு, பத்து வளாகங்கள். காலையில் கிளம்பினால் வேலையை முடித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் தூரம்.

மையம் எங்கே இருக்க வேண்டும்? அமைச்சகத்துக்குள் வேண்டாம். கோப்பு நகரும் வேகத்தில் மென்பொருள் பதிப்பு நகராது. நாட்டின் ஆகப் பெரிய பல்கலைக்கழகத்திலேயே நிரந்தரமாக வைப்பதும் சிக்கல்தான். மற்றவர்கள் அதை அந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டமாகவே பார்ப்பார்கள். மையம் ஒரே இடத்தில் இருக்கட்டும், தலைமைக்குழு மட்டும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வளாகங்களுக்கிடையே சுழலட்டும். அந்தக் குழுவில் சிறிய, ஒதுங்கிய வளாகங்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுங்கள். நல்லெண்ணத்துக்காகச் சொல்லவில்லை. சிறிய வளாகத்தில் ஓடும் திட்டம் பெரிய வளாகத்திலும் ஓடும், மறுபக்கம் அப்படி இல்லை.

படி 3: பாடத்திட்டத்தை எழுதாதீர்கள், செய்யத் தெரிய வேண்டியதை எழுதுங்கள்

இங்கேதான் சண்டை வரும். இயந்திரவியல்காரர் அசைவியல் இல்லாமல் ரோபோட்டிக்ஸா என்பார். மின்னணுவியல்காரர் கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்பார். கணினித் துறைக்காரருக்குப் பாதை திட்டமிடலும் கற்றல் நெறிமுறைகளும். மூவர் சொல்வதும் சரிதான், அதுதான் பிரச்சினை. மூன்றையும் அப்படியே சேர்த்தால் நான்கு ஆண்டுக்குப் பதில் ஏழு ஆண்டுப் படிப்பு வேண்டியிருக்கும். இந்த மூன்றையும் ஒரே பட்டத்துக்குள் அடக்கும் முயற்சிக்கே வயது அதிகமில்லை. அமெரிக்காவில் இளநிலை ரோபோட்டிக்ஸ் பொறியியல் பட்டம் முதலில் வந்தது 2007-ல், உஸ்டர் பாலிடெக்னிக் கல்லூரியில்.

சண்டையிலிருந்து வெளியே வர ஒரு வழி: அத்தியாயத் தலைப்புகளை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரையும் "பாடம் முடிந்ததும் மாணவர் இதைச் செய்து காட்டுவார்" என்று முடியும் வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள். இருபது வாக்கியங்களுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். அந்த இருபதும் நாடு முழுக்க ஒன்று. எந்தப் புத்தகத்தை வைத்து, எந்த வரிசையில், எந்த ரோபோவில் நடத்துவது என்பது ஆசிரியர் பாடு.

ஒரு வாக்கியத்தை எடுத்து முழுசாகப் பார்ப்போம்: "இரு சக்கர ரோபோவின் ஓட்டப் பிழையை மாணவர் அளந்து, அதைத் திருத்துவார்."

சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று ரோபோ கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பிசகும். எவ்வளவு என்று அளக்க, 1990-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யோஹான் போரன்ஸ்டைனும் லிசியாங் ஃபெங்கும் ஒரு சோதனை வகுத்தார்கள். தரையில் 4 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ரோபோவைச் சுற்றவிட வேண்டும்: வலஞ்சுழியாக ஐந்து முறை, இடஞ்சுழியாக ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் கிளம்பிய புள்ளிக்கும் வந்து நின்ற புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் குறிக்க வேண்டும்.

ஏன் இரண்டு திசையிலும்? ரோபோவில் இரண்டு பெரிய பிழைகள் ஒளிந்திருக்கின்றன. இரு சக்கரங்களின் விட்டம் துல்லியமாக ஒன்றாக இருக்காது. சக்கரங்களுக்கிடையே உள்ள தூரமும் நாம் நினைத்த அளவாக இருக்காது. ஒரே திசையில் ஓட்டினால் ஒன்றின் பிழையை மற்றது சரிக்கட்டிவிடக்கூடும். ரோபோ அழகாகக் கிளம்பிய இடத்துக்கே வரும், மாணவர் மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடுவார். எதிர்த்திசையில் ஓட்டும்போதுதான் இரண்டும் கூட்டுச் சேர்ந்து குட்டு வெளிப்படும்.

இந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு சாக்பீஸ், ஒரு அளவுநாடா, இரு சக்கரமுள்ள எந்த ரோபோவும். ரோபோ கைக்கடக்கமாக இருந்தால் சதுரத்தை ஒரு மீட்டராகச் சுருக்கிக்கொள்ளலாம். வடிவியல், மோட்டார் கட்டுப்பாடு, நிரல், பிழைக் கணிப்பு நான்கும் ஒரே மதியத்தில் வந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் விட முக்கியம், இரண்டு வெவ்வேறு ஊர்களில், இரண்டு வெவ்வேறு ரோபோக்களில் செய்த மாணவர்கள் தங்கள் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடியும். இருபது வாக்கியங்களுக்கும் இப்படி ஒரு பொதுச் சோதனை இருந்தால் போதும், பாடத்திட்டக் குழுவை நிம்மதியாகக் கலைத்துவிடலாம்.

கணித முன்தகுதியைப் பற்றியும் யோசியுங்கள். நுண்கணிதம் முடித்துவிட்டுத்தான் ரோபோவைத் தொட வேண்டும் என்று வைத்தால், பள்ளியில் நல்ல கணித ஆசிரியர் அமையாத மாணவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2020-ல் முதலாண்டு மாணவர்களுக்காக, நுண்கணிதம் தேவைப்படாத ஒரு நேரியல் இயற்கணிதப் பாடத்தை நிரலோடு சேர்த்து ரோபோட்டிக்ஸின் வாசற்படியாக வைத்தது. வேறு கல்லூரிகளும் அதை எடுத்து நடத்தின. பகிர்வதற்கு இப்படிப்பட்ட பாடம்தான் முதலில் ஏற்றது. கருவி வேண்டாம், தயக்கம் குறைவு.

படி 4: ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு, ஒரே தேதி

இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். பல்கலைக்கழகங்களில் ரோபோக்களை இயக்குவதற்கு இன்று பரவலாகப் பயன்படுவது ராஸ் என்ற திறந்த மூல மென்பொருள் தொகுப்பு. அதன் முதல் தலைமுறையின் கடைசிப் பதிப்பான நோயட்டிக்கின் ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இரண்டாம் தலைமுறையில், அதாவது ராஸ் 2-ல், ஹம்பிள் பதிப்புக்கு 2027 மே வரையும், ஜாஸி பதிப்புக்கு 2029 மே வரையும் ஆதரவு உண்டு. ஹம்பிள் ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், ஜாஸி ஓடுவது 24.04-ல்.

ஒரு வளாகம் நோயட்டிக், இன்னொன்று ஹம்பிள், மூன்றாவது ஜாஸி என்று இருந்தால், பகிர்ந்த ஒவ்வொரு பயிற்சியையும் மூன்று முறை எழுத வேண்டியிருக்கும். யாரும் எழுதமாட்டார்கள், பகிர்வு செத்துவிடும். ஆகவே மையம் ஒரு பதிப்பை அறிவிக்க வேண்டும். அடுத்த பதிப்புக்கு எல்லோரும் எப்போது மாறுவது என்ற தேதியையும் இரண்டு ஆண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். மாற்றம் கல்வியாண்டின் நடுவில் வரவே கூடாது.

அப்புறம், அந்தப் பதிப்பையும் பயிற்சிகளையும் சிமுலேட்டரையும் (ரோபோவைத் திரைக்குள் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஒரே டாக்கர் பொதியாக, அதாவது எந்தக் கணினியிலும் அப்படியே ஓடும் மூட்டையாகக் கட்டிக் கொடுங்கள். மாணவர் தன் மடிக்கணினியில் ஒரே கட்டளையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இணையம் மந்தமான வளாகங்களுக்கு அதையே பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். கேட்கப் பழங்காலமாக இருக்கும், ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பல ஜிகாபைட்டைத் தரவிறக்கம் செய்ய முயலும் வகுப்பைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இப்போது வைஃபை கதைக்கு வருவோம். ராஸ் 2-ல் ரோபோவும் மடிக்கணினியும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்வது மல்டிகாஸ்ட் வழியாக: வலையில் உள்ள எல்லோரையும் பார்த்து "யார் இருக்கிறீர்கள்?" என்று கூவுவது போன்றது. பல்கலைக்கழகப் பொது வைஃபைகள் பாதுகாப்புக் காரணத்துக்காக இந்தக் கூவலை அடைத்துவைத்திருக்கும். ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்கவே விடாத ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. விளைவு, ரோபோ இணையத்தில் இருக்கிறது, மடிக்கணினியும் இருக்கிறது, இரண்டும் மேசையில் ஒரு கை தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியாது. புதிய ஆசிரியர் தன் நிரலில்தான் தவறு என்று நினைத்து இரண்டு வாரம் தேடுவார்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. கூவல் அடைபடாத வலையில், எல்லா ரோபோக்களும் முன்னிருப்பாக 0 என்ற ஒரே டொமைன் எண்ணில் இருப்பதால் (ஒரே எண்ணில் இருப்பவை ஒன்றின் பேச்சை ஒன்று கேட்கும்), ஒரு மாணவர் முன்னே போகச் சொன்னால் அறையில் உள்ள பத்து ரோபோக்களும் சேர்ந்து கிளம்பும். பார்க்க ஊர்வலம் மாதிரி அழகாகத்தான் இருக்கும், மேசை விளிம்பு வரும் வரை.

தீர்வு எளிது. ஆய்வகத்துக்கென்று பொது வலையோடு சேராத தனி ரவுட்டர். ஒவ்வொரு ரோபோவுக்கும் 0 முதல் 101 வரை ஒரு டொமைன் எண். அந்த எண்ணை ரோபோவின் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டிவிடுவது. தனி ரவுட்டர் வைக்க வளாகக் கணினி மையத்தின் அனுமதி தேவைப்படும், அது சில இடங்களில் மாதக்கணக்கில் இழுக்கும். இதை ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாகப் போராடி வாங்குவதற்குப் பதிலாக, தேசிய மையம் ஒரே கடிதமாக எல்லாப் பதிவாளர்களுக்கும் அனுப்பி வாங்கிக் கொடுக்கலாம். மையம் முதல் ஆண்டில் இந்த ஒரு வேலையை முடித்தாலே அதற்குச் செலவான பணம் நியாயமாகிவிடும்.

படி 5: ரோபோ வாங்குவது

பிராண்டைக் குறிப்பிட்டு வாங்காதீர்கள், செய்ய வேண்டிய வேலையைக் குறிப்பிட்டு வாங்குங்கள். இதற்கு வரலாறே சாட்சி. பல முதலாண்டு வகுப்புகள் நம்பியிருந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 இறுதியில் நின்றுபோனது. பல ஆய்வகங்கள் வாங்கிய பாக்ஸ்டர் ரோபோவைத் தயாரித்த ரீதிங்க் நிறுவனம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. ரோபோக்களுக்கு மூளையாக வைக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகைகள் 2021 முதல் ஈராண்டுக்கு மேல் கடையில் கிடைக்காமல் அலைய வேண்டியிருந்தது. நாடே ஒரு பெட்டியை நம்பியிருந்தால், அந்தப் பெட்டி நிற்கும் நாளில் நாடே நிற்கும்.

மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்வது நல்லது. மாணவர் விடுதி அறைக்கே எடுத்துப் போகக்கூடிய சிறிய ரோபோ முதல் அடுக்கு. சுவிட்சர்லாந்தின் லோசானில் உருவான இ-பக் இதற்கு நல்ல மாதிரி: சுமார் 7 சென்டிமீட்டர் விட்டம், வடிவமைப்பு முழுக்கத் திறந்தது. வடிவமைப்பு திறந்திருந்தால் தயாரிப்பாளர் போனாலும் பலகையை வேறொருவரிடம் அடித்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் அடுக்கு, வளாகத்துக்குச் சில என்ற கணக்கில் லைடாரும் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) கேமராவும் உள்ள நகரும் ரோபோக்கள். மூன்றாம் அடுக்கு, ரோபோ கைகளும் நாலுகால் ரோபோக்களும். இவை வட்டார முனையத்தில் மட்டும் போதும்.

விலை உயர்ந்ததைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையோடு கொடுங்கள். 2010-ல் வில்லோ கராஜ் என்ற ஆய்வு நிறுவனம் தன் பிஆர்2 ரோபோக்களை 11 ஆய்வு நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டுக்குக் கொடுத்தது. செய்த வேலையைத் திறந்த மூலமாக வெளியிட வேண்டும் என்பதுதான் கைமாறு. அந்த நிறுவனம் இப்போது இல்லை, அந்த நிரல்களின் வழித்தோன்றல்கள் இருக்கின்றன.

டெண்டரில் எழுத வேண்டியவை: உதிரிபாகங்கள் அதே ஒப்பந்தத்திலேயே, மொத்த மதிப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல். டெக்னீஷியனுக்குப் பயிற்சி, பிரித்துப் பூட்டும் அளவுக்கு. பேட்டரி மாற்றீடு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும். இந்த மூன்றாவது மூலதனச் செலவில் வராது, நடைமுறைச் செலவில் வரும். திட்டங்களில் முதல் தலைப்புக்குத்தான் பணம் தாராளமாகக் கிடைக்கும். ரோபோ வாங்கப் பணம் உண்டு, பேட்டரி வாங்க இல்லை என்ற விசித்திரம் அங்கிருந்து வருகிறது. கோப்பில் கையெழுத்தாகும் முன்பே இதற்குச் சண்டை போட்டுவிடுங்கள், பிறகு முடியாது.

பழுதுக்கு ஒரு சங்கிலி வைத்துக்கொள்ளுங்கள். வளாக டெக்னீஷியனால் இரண்டு நாளில் சரிசெய்ய முடியாததை முனையத்துக்குப் பார்சல் அனுப்புகிறார். முனையம் அன்றே ஒரு மாற்று ரோபோவை அனுப்புகிறது. பழுதானது சரியாகி மாற்றுக் கையிருப்பில் சேர்கிறது. அதாவது வளாகத்துக்குக் குறிப்பிட்ட ரோபோ சொந்தமில்லை, எண்ணிக்கைதான் சொந்தம். தணிக்கை அலுவலர்களுக்கு இதைப் புரியவைக்கக் கொஞ்சம் தேநீர் செலவாகும்.

படி 6: ஆசிரியரும் டெக்னீஷியனும்

பயிற்சி என்ற பெயரில் மூன்று நாள் சொற்பொழிவு, சான்றிதழ், குழுப் புகைப்படம் என்று முடித்துவிடுவது வழக்கம். அதில் கைக்கு ஒன்றும் வராது. மாணவர் செய்யப்போகும் அதே பயிற்சிகளை ஆசிரியர் செய்ய வேண்டும், தோற்கவும் வேண்டும். இந்தியாவில் ஐஐடி பம்பாயின் இ-யந்திரா திட்டம் இந்த வழியில் போனது. கல்லூரி தன் பணத்தில் ஆய்வகம் அமைக்கும். ஆசிரியர்கள் அணியாகச் சேர்ந்து, கொடுத்த ரோபோவில் கொடுத்த வேலையைச் செய்துகாட்டிப் பயிற்சி முடிப்பார்கள். இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. கல்லூரி தன் பணத்தைப் போட்டதால் ஆய்வகம் அநாதையாகாது. ஆசிரியர்கள் அணியாக வருவதால் ஒருவர் மாற்றலாகிப் போனாலும் பாடம் அவரோடு போய்விடாது.

டெக்னீஷியனை இதே பயிற்சியில், இதே மேசையில் உட்கார வையுங்கள். தனி வகுப்பு வேண்டாம். அவருக்குப் பதவி உயர்வுக்கான வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். நன்றாகச் சால்டர் வைக்கவும் லினக்ஸ் பார்க்கவும் தெரிந்தவரை வெளியே எந்த நிறுவனமும் கொத்திக்கொண்டு போகும்.

படி 7: தொலைவிலிருந்து ஓட்டுவது

ஜார்ஜியா டெக்கில் 2017-ல் திறந்த ரோபோடேரியம் இதற்கு முன்னோடி. உலகில் எங்கிருந்தும் நிரலை அனுப்பலாம். அது முதலில் சிமுலேட்டரில் ஓடும், பிறகு அங்குள்ள சிறிய ரோபோக் கூட்டத்தில் ஓடும், தரவும் காணொளியும் திரும்பி வரும். ரோபோக்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஒரு பாதுகாப்பு அடுக்கு நிரலைத் திருத்திக்கொள்ளும். கட்டணம் இல்லை.

உங்கள் முனையங்கள் இரவில் சும்மாதான் இருக்கின்றன. இதே போல வரிசை முறையில் இரவெல்லாம் மாணவர் நிரல்களை ஓட்டலாம். ஆனால் முதல் செமஸ்டர் மாணவருக்கு இதை மட்டும் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் தலைமுடி சுற்றிக்கொண்டால் ரோபோ இடப்பக்கம் இழுக்கும் என்பது திரையில் தெரியாது.

படி 8: மதிப்பெண்ணும் கிரெடிட்டும்

ஒரு வளாகத்தில் முடித்த பாடம் இன்னொன்றில் செல்ல வேண்டுமானால், கிரெடிட் என்பது எத்தனை மணி நேர உழைப்பு என்பதில் உடன்பாடு வேண்டும். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேரம், ஆண்டுக்கு 60 கிரெடிட். உங்கள் எண் வேறாக இருக்கலாம், ஒன்றாக இருந்தால் சரி.

பொது வினாத்தாள் தேவையில்லை. படி 3-ல் சொன்ன சோதனைகளுக்கு மாணவர் தரும் சான்று மூன்று: வெட்டி ஒட்டாத ஒரே ஓட்டமான காணொளி, ரோபோ பதிவுசெய்த மூலத்தரவு, இரண்டு பக்கக் குறிப்பு. செமஸ்டருக்கு ஒருமுறை ஒவ்வொரு வளாகமும் ஐந்து மாணவர்களின் சான்றுகளை இன்னொரு வளாகத்துக்கு அனுப்பித் திருத்த வைக்கட்டும். முதல் முறை மதிப்பெண்கள் கன்னாபின்னாவென்று வேறுபடும். யாரையும் குற்றம் சொல்லாமல் அந்த வேறுபாட்டை மேசையில் வைத்துப் பேசினால், இரண்டு மூன்று சுற்றில் நெருங்கி வந்துவிடும்.

படி 9: போட்டி வையுங்கள், ஆனால் கடைசியாக

எல்லோரும் முதலில் செய்வது தேசியப் போட்டி. படம் நன்றாக வரும், அமைச்சர் வருவார். 1997-ல் நகோயாவில் தொடங்கிய ரோபோகப்பும், 2002 முதல் நடக்கும் ஆசிய பசிபிக் ரோபோகானும் எத்தனையோ பொறியாளர்களை உருவாக்கியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வளாகத்தில் போட்டிக்குப் போகும் அணியில் பத்துப் பேர் இருப்பார்கள். ஆய்வகத்தின் நல்ல மோட்டார்கள் எல்லாம் அந்தப் பத்துப் பேரிடம் போய்விடும். மிச்சமுள்ள மாணவர்கள் எல்லாம் செய்முறைத் தேர்வுக்கு உடைந்ததை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆகவே பாடம் இரண்டு ஆண்டு ஓடிய பிறகு போட்டியைத் தொடங்குங்கள். போட்டி ரோபோவின் உதிரிபாகங்கள் தனிக் கணக்கில் இருக்கட்டும். பரிசு வாங்கும் அணி தன் நிரலையும் வரைபடங்களையும் ஒரு மாதத்துக்குள் வெளியிட்டால்தான் பரிசு. அடுத்த ஆண்டு புதிய வளாகம் அதிலிருந்து தொடங்கும்.

பாதுகாப்பு, தனியாக

இதற்குப் படி எண் போடவில்லை, முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும் என்பதால். இயந்திர ஆபத்தை மதிப்பிடும் முறைக்கு ஐஎஸ்ஓ 12100, தொழிற்சாலை ரோபோக்களுக்கு ஐஎஸ்ஓ 10218 என்று தர ஆவணங்கள் உள்ளன. மாணவர் ரோபோ கையைத் தொடும் முன் ஒரு பக்க ஆபத்து மதிப்பீட்டைத் தானே எழுதட்டும். அவசர நிறுத்தப் பொத்தானை வாரத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே அழுத்திப் பாருங்கள். பேட்டரிகளை ஆள் இல்லாத அறையில் இரவு முழுக்கச் சார்ஜில் விடக் கூடாது. தீ பிடிக்காத பையிலோ பெட்டியிலோ வைத்து, பார்வை படும் இடத்தில் சார்ஜ் செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியை யாரும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பயன்படுத்தக் கூடாது.

எந்த வேகத்தில் போவது

முதல் ஆண்டு ஐந்து வளாகங்கள் போதும். ஐந்தையும் நல்லதாகப் பொறுக்காதீர்கள்: ஒரு பெரியது, ஒரு புதியது, இணையம் மோசமான ஒன்று, ஆசிரியர் ஒருவரே உள்ள ஒன்று, ஆர்வமே இல்லாத ஒன்று. கடைசியில் உள்ளதுதான் அதிகம் கற்றுக்கொடுக்கும். இரண்டாம் ஆண்டு ஒரு வட்டாரம் முழுக்க, அதன் முனையத்தோடு. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு வட்டாரங்கள். ஒரே ஆண்டில் ஐம்பதையும் தொடங்கச் சொன்னால், பணம் எவ்வளவு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். ஐம்பது இடத்திலும் ஒரே நாளில் வைஃபை கோளாறு வரும், மையத்தில் இருப்பதோ ஐந்து பேர்.

ஒருங்கிணைப்பு நடக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் ஒரே ஒரு சோதனை வைப்பேன். ஒரு வளாகத்து மூன்றாமாண்டு மாணவரை, அவருடைய மடிக்கணினியோடு, அவர் பார்த்தேயிராத வேறொரு வளாகத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புவேன். முன்னறிவிப்பு டெக்னீஷியனுக்கு மட்டும். மாணவர் ஸ்டிக்கரில் உள்ள டொமைன் எண்ணைப் பார்த்துப் போட்டு, தன் நிரலை அங்குள்ள ரோபோவில் ஏற்றி, தரையில் சாக்பீஸால் வரைந்த சதுரத்தை இரண்டு திசையிலும் சுற்றவைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். முதல் ஆண்டில் பெரும்பாலும் சாயங்காலம் வரை ரோபோ அசையாது. ஒரு மணி நேரத்துக்குள் அசைந்தால், அடுத்த வட்டாரத்தைத் தொடங்கலாம்.